முந்திச் சொன்ன சாட்சி

என் வீட்டுக்காரர் ஆண்டிச்சாமி கோயிலில் பொய் சொன்னார். பிரசங்கம் முடிந்து கடைசிப் பாட்டுக்கு முன்னால், எழுபது பேர் கேட்கச் சொன்னார். அது பொய் என்று அந்த எழுபது பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் நான் எழுந்து நின்று ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கதையை அவர் பிறந்த நாளிலிருந்து சொல்லலாம்தான். அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது. இங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கம். அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். நான், பொன்மணி, அதே கம்பெனியில் காகிதக் குழாய் சுற்றி லேபிள் ஒட்டுகிறவள். மருந்து கலக்குவது வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. விடியும்போது தொடங்கிப் பத்து மணிக்கு முடித்துவிடுவார்கள். அவர்கள் வெளியே வருவதைப் பார்க்க வேண்டும். அலுமினியப் பொடி படிந்து தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளி. இளவெயிலில் நாலு வெள்ளி ஆட்கள் பேச்சில்லாமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நடப்பார்கள். கல்யாணமான புதிதில், இந்த மனுசன் மேலே எங்கேயோ இருந்து இறங்கி வந்து என் வீட்டில் தங்கியிருக்கிறார் என்றுகூட நினைத்திருக்கிறேன். என்ன செய்வது, எனக்கு அப்போது பத்தொன்பது வயசு.

தேய்த்துக் குளித்தாலும் குதிகால் வெடிப்பில் இருக்கும் வெள்ளி போகாது. பாயில் அவர் கால் பட்ட இடமெல்லாம் மினுங்கும்.

பத்து மணிக்கு வேலை முடியும். பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் கடை திறக்கும். இடையில் இருக்கிற அந்த இரண்டு மணி நேரம்தான் அவர் நல்ல மனிதர். அந்த நேரத்தில் நான் கம்பெனியில் குழாய் சுற்றிக்கொண்டிருப்பேன். இருபத்து நாலு வருசமாக என் புருசனுடைய நல்ல நேரத்தை நான் ஞாயிற்றுக்கிழமை தவிரப் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். விளக்குப் போட்டதும் கண் விழித்து, "விடிஞ்சிருச்சா?" என்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு! அடிக்க மாட்டார், ஏச மாட்டார். அதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வந்தவர்களை எனக்குப் பிடிக்காது. அடிக்காமல் இருப்பது ஒரு சிறப்பா? எங்கள் ஒரே மகள் கோவில்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும்போதுகூட, அப்பாவிடம் சொல்லிக்கொள்ள அவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்தாள்.

நான் பிறந்த வீட்டில் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவர் கோயிலுக்கு முதலில் வந்தது அசனச் சோற்றுக்குத்தான். வருசத்துக்கு ஒரு தடவை சபையே உட்கார்ந்து சாப்பிடும் கறிச்சோறு யாரைத்தான் இழுக்காது? பிறகு சும்மாவும் வர ஆரம்பித்தார். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தார். வேறு பேர் வைக்கலாமா என்று சபையை நடத்துகிற உபதேசியார் கேட்டதற்கு, "குடிக்கிறது ஆண்டிச்சாமி. விட வேண்டியதும் அவன்தான். வேற பேருக்காரன் வந்து விட்டா இவனுக்கு என்ன பெரும?" என்றார். பேச்சுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள் கடைக்குப் போன ஆள் இவர்.

போன தீபாவளி முடிந்து கம்பெனி திறக்கிற நேரம், நவம்பர் முதல் ஞாயிறு. மழை வருவது போல மூடாப்பாக இருந்தது. ஆண்கள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து அவர் தூங்கிவிட்டார். அது புதிதல்ல. பிரசங்கத்தை முடித்த உபதேசியார், "ஆண்டவர் செஞ்ச நன்மைக்கு யாராச்சும் சாட்சி சொல்லலாம்" என்றார். இவர் படக்கென்று கண்ணைத் திறந்தார். எழுந்து நின்றார்.

"நான் குடிய விட்டு மூணு மாசம் ஆச்சு. அந்தக் கடை வழியாத்தான் நடக்கேன். திரும்பிப் பாக்கத் தோணல. எம்மனசு கழுவி விட்ட மாதிரி இருக்கு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

முந்தின நாள் சாயங்காலம் சோற்றுத் தட்டில் முகத்தை வைத்துத் தூங்கிய மனிதர் பேசுகிற பேச்சு இது. சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. உபதேசியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கம் திரும்பி, "பொன்மணி, இம்புட்டு நாளா மூச்சு விடலையேம்மா. மெய்தானா?" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இருபத்து நாலு வருசமாக என் புருசன் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு மூட்டை தேறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு, எனக்கு எல்லாம் அத்துப்படி. அன்றைக்கு இருந்த முகம் அதில் ஒன்று இல்லை. அத்தனை தெளிவு. அந்த முகத்தை எழுபது பேர் முன்னால் உடைக்க எனக்குக் கை வரவில்லை. எழுந்து தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். கோயிலில் நான் சொன்ன முதல் பொய் அது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன காரியம் செஞ்சிட்டு வந்திருக்கீக? ஏன், வெள்ளத் துணியில கரியப் பூசுனது பத்தாதுன்னு என்னையும் பூச வச்சீகளா?"

அவர் முகம் இப்போது வெளுத்திருந்தது. "கனாக் கண்டேன் புள்ள" என்றார். "ஒரு ஆளு அணைக்கரையில போறான். முதுகுதான் தெரியுது. வெள்ளச் சட்ட. கையில மஞ்சப் பை, அதுல முருங்கக்கா நீட்டிக்கிட்டு இருக்கு. குதிகால் அம்புட்டுச் சுத்தம். கடைய ஒட்டிப் போறான், திரும்பவே இல்ல. விட்டு மூணு மாசம் ஆச்சுன்னு யாரோ சொல்றாக. அது நான்தான்னு எனக்கு அம்புட்டு நிச்சயமா இருந்துச்சு. முழிச்ச வேகத்துல எந்திரிச்சுச் சொல்லிட்டேன். சொல்லி உக்காந்த பொறவுதான் கனான்னு தெரிஞ்சது."

"ஊரு ஒலகத்துல கனாக் கண்டவுக எல்லாம் கோயில்ல எந்திரிச்சா சொல்றாக?"

அணைக்கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பனி மூடியது போலக் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நடந்தார். அந்த ஆள் அங்கே இன்னும் போய்க்கொண்டிருக்கிறாரா என்று தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. என் கோபமெல்லாம் அப்படியே இருந்தது, அதோடு சேர்த்து எனக்கு அழுகையும் வந்தது.

"இங்க பாருங்க" என்றேன். "மூணு மாசம்னு சொன்னது நீங்க. ஆமான்னது நான். ரெண்டு பேரும் இப்பப் பொய்யங்க. நாளையிலேருந்து மூணு மாசம் தொடாம இருங்க. நீங்க சொன்னது உண்மையாயிரும். தொட்டீகன்னா நானே கோயில்ல எந்திரிச்சுச் சொல்லிருவேன்." அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு அவரை உள்ளே வைத்துவிட்டு நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

சிவகாசி அச்சாபீஸிலிருந்து வரும் லேபிளில் சிலது நிறம் நகர்ந்து அச்சாகியிருக்கும். கிளியின் பச்சை கிளியை விட்டு விலகி நிற்கும், தாமரையின் சிவப்பு தண்ணீரில் கிடக்கும். அதை ஒட்ட முடியாது, கழித்துப் போட்டுவிடுவோம். அதில் ஒரு கட்டு எடுத்து வந்தேன். தினமும் சாயங்காலம் அவரை வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பேன். வாடை இல்லையென்றால் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒரு லேபிள் ஒட்டுவேன். திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று.

புதன்கிழமை காலையில் மருந்து ரூம் வாசலில் அவர் நின்றுவிட்டார். கை நடுக்கம். சல்லடையைப் பிடிக்க முடியவில்லை. மற்ற நாட்களில் முந்தின நாள் மிச்சத்தைக் குடித்து அந்த நடுக்கத்தை அடக்கியிருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. போர்மேன் நல்லசிவத்திடம் போய், "அண்ணாச்சி, என்னை உள்ள விடாதீக. மூணு பேரு உசுரு இருக்கு" என்றார்.

"கூலி பாதியாயிரும்லே."

"ஆகட்டும் அண்ணாச்சி. பொழுது அடையிற வரைக்கும் எனக்கு வேல வேணும். பத்து மணிக்கு மட்டும் என்னை வெளிய விட்றாதீக."

நல்லசிவம் அவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மாத்திரை வாங்க வைத்தார். திரும்பி வந்ததும் எங்கள் ஷெட்டில், பெண்களுக்கு நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தார். எங்கள் ஆட்கள் விடுவார்களா? "அண்ணே, பூ வச்சு விடவா?" என்றாள் ஒருத்தி. "மதினி, மச்சானுக்கு வளையல் எந்த அளவு?" என்றாள் இன்னொருத்தி. அவர் தலையைக் குனிந்து குழாய் சுற்றினார். சுற்றியது எல்லாம் கோணல்.

பகல் பன்னிரண்டுக்கு ஷெட்டில் மணி அடிக்கும். அன்றைக்கு மணி அடித்ததும் அவர் கை நின்றது. கடை திறக்கிற நேரம். கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஏசப்பா, மணி பன்னெண்டாச்சு" என்றார். அவ்வளவுதான் ஜெபம். காப்பாத்தும் என்றில்லை, பெலன் தாரும் என்றில்லை. வீட்டில் இருக்கிறவரிடம் நேரம் சொல்வது மாதிரி. பிறகு அடுத்த காகிதத்தை எடுத்தார். தினமும் அதே நேரம், அதே பேச்சு.

மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் முருகம்மாள் தன் புருசன் ராக்கப்பனை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ராக்கப்பன் லாரியில் லோடு ஏற்றுகிறவர், இவருக்குச் சரியான கூட்டாளி. "அண்ணே, நீங்க கோயில்ல சொன்னத இவருக்கும் சொல்லிக் குடுங்க. எப்படி விட்டீக?" என்றாள். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சுவரில் மூன்று லேபிள்தான் இருக்கிறது. நாலாவதை இன்னும் ஒட்டவில்லை.

இவர் நடுங்குகிற கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "பெரிய வித்தை ஒண்ணும் இல்லப்பா. பன்னெண்டு மணிக்கு எங்க இருந்தாலும் ஆண்டவர்ட்ட மணியச் சொல்லு. அந்த நேரம் தாண்டுனா மறுநாப் பன்னெண்டு வரைக்கும் அவரு பாத்துக்கிடுவாரு" என்றார். ராக்கப்பன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு போனார். அவர்கள் தெரு திரும்பியதும் இவர் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதார்.

கார்த்திகை போனது, கிறிஸ்துமஸ் வந்தது. மாலையில் விளக்குப் போட்டால் சுவர் முழுக்க நகர்ந்த கிளியும் நகர்ந்த பூவும் அசைவது மாதிரி இருக்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். "விடிஞ்சிருச்சா" என்று யாரும் கேட்கவில்லை. சில நாள் நான் சோறு வடிக்க மறந்து அவர் பேசுவதையே கேட்டிருக்கிறேன். அவர் சின்ன வயசில் அணையில் நீந்தி நடுவில் போய் மல்லாந்து கிடந்த கதையை நான் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். இந்த மனுசன் இத்தனை வருசம் எங்கே இருந்தார்? குழாய் சுற்றுகையில்கூட அது நினைவுக்கு வந்து எனக்குத் தனியே சிரிப்பு வரும்.

ஐம்பத்தொன்பது லேபிள். ஜனவரி முதல் தேதி கம்பெனி லீவு. புது வருசம் என்று பழைய ஆட்கள் கூப்பிட்டார்கள். போனார்.

அவர் வந்து படுத்த பிறகு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவரை ஏசி முடித்து, ஆண்டவரையும் ஏசினேன். "நீரும் ஒரு கடவுளா? பாதி ஆத்துல விடத்தானா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீரு?" என்று சத்தமாகவே கேட்டேன்.

மறுநாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷெட்டில் பன்னிரண்டு மணி அடித்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. "சொல்லுங்க" என்றேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அவரை விட்டுவிட்டு நானே கண்ணை மூடி, "ஏசப்பா, மணி பன்னெண்டாச்சு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் அவர் குரலும் அதையே சொன்னது. அன்றைக்குச் சாயங்காலம் பழைய வரிசைக்குக் கீழே ஒரு சாண் இடம் விட்டு, அவரே ஒரு லேபிளை ஒட்டினார்.

பிப்ரவரியில் அறுப்பின் பண்டிகை. அன்றைக்குத்தான் அசனமும். உபதேசியார் வீடு தேடி வந்து, "ஆண்டிச்சாமி, அன்னைக்கு மூணு மாசம்னீரு, இப்ப ஆறு மாசம் ஆயிருக்கும். எந்திரிச்சு ரெண்டு வார்த்தை சொல்லும்" என்று கேட்டுக்கொண்டு போனார்.

முந்தின நாள் எங்களுக்குள் பெரிய சண்டை. "உள்ளதச் சொல்லப் போறேன்" என்றார் அவர்.

"ஒங்க பேரு கெட்டா கெடட்டும், எம்பேரும் சேந்து கெடட்டும். ராக்கப்பன நெனச்சுப் பாத்தீகளா? ஒங்கள நம்பித்தான் அவுக விட்டிருக்காக. நீங்க சொன்னது பொய்யி, நடுவுல வேற விழுந்தீகன்னு கேட்டா அவுக நேரா எங்க போவாக? அந்தப் பாவம் யாருக்கு? முருகம்மாள் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் என் பொய்யி மேலதான நிக்கான். எப்பயாச்சும் அது வெளிய வராமயா இருக்கும்? அன்னைக்கு அவன் விழுந்தா எலும்பே தேறாதே" என்றார். அவர் சொன்னது சரிதான். பயம் மட்டும் போகவில்லை.

ஞாயிறு காலையில் அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது நான் ஒரு காரியம் செய்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

கோயில் முழுக்க விளைச்சல். பலிபீடத்தைச் சுற்றிக் கம்பும் சோளமும் பூசணியும், கீரைக்கட்டும் முருங்கைக்காயும். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஏலத்துக்குப் போகும். பின்னால் அசனச் சோறு வேகிற மணம். இவர் எழுந்தார். இந்த முறை தூக்கக் கலக்கம் இல்லை.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யி" என்றார். "இங்கன சுவத்துல சாஞ்சு தூங்கும்போது கண்ட கனா அது. முந்தின நாக்கூடக் குடிச்சிருந்தேன். எம்பொண்டாட்டி என்னைய அவமானப்படுத்த மனசில்லாம ஆமான்னா. அந்தப் பாவமும் என் கணக்குதான். பொறவு விட்டேன். அம்பத்தொம்போது நாள் இருந்தேன். புது வருசத்துக்கு விழுந்துட்டேன். ஆறு மாசம் இல்ல, மூணு மாசமும் இல்ல. இன்னைய வரைக்கும் முப்பத்தேழு நாளு."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. உபதேசியார் புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். என் வீட்டுக்காரர் தனியாக நின்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

அவர் திரும்பி, "இன்னைக்கு இன்னும் பொழுது அடையலையே புள்ள. நீ மோந்து பாக்கலையே" என்றார். கோயில் என்பதையே மறந்துவிட்டார்.

"காலையிலயே ஒட்டிட்டேன்" என்றேன். "நீங்க குளிக்கும்போதே ஒட்டிட்டேன்." நான் சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுந்தேன். அதை அழுகைக்கு நடுவில் எப்படியோ கேட்டு முடித்தேன்.

அப்போது ஆண்கள் பக்கத்தில் கடைசியிலிருந்து ராக்கப்பன் எழுந்தார். முருகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு மூணு மாசம் ரெண்டு நாளு ஆகுதுண்ணே" என்றார் ராக்கப்பன். "நீங்க விழுந்தது எனக்குத் தெரியும். அன்னைக்குக் கடைக்கு எதுத்தாப்புல லோடு ஏத்திக்கிட்டு நின்னேன். பாத்தேன்."

"பாத்துட்டுமா?" என்றார் இவர்.

"ஆமாண்ணே. எனக்கும் கால் அந்தப் பக்கம் போகத்தான் பாத்துச்சு. மணி பன்னெண்டரை. நேரம் தப்பிப்போச்சேன்னு அவசர அவசரமா, ஏசப்பா, எனக்கு மணி பன்னெண்டாச்சு, ஆண்டிச்சாமி அண்ணனுக்கும் பன்னெண்டாச்சுன்னேன். மறுநாளும் அப்படியே சொன்னேன். இன்னைய வரைக்கும் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

இவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உபதேசியார் பாட்டு எண்ணைச் சொல்ல வாயெடுத்துச் சொல்ல முடியாமல் நின்றார். யாரோ எண் இல்லாமலே பாட ஆரம்பித்தார்கள்.

அசனப் பந்தியில் இவரும் ராக்கப்பனும் குழம்பு வாளி தூக்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேரும் வாளியைக் கீழே வைத்ததையும், உதடு அசைந்ததையும், திரும்பத் தூக்கியதையும் நான் சோற்றில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏலம் முடிய வெயில் சாய்ந்துவிட்டது.

அணைக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். தண்ணீரும் வானமும் ஒரே நிறமாக இருந்தது. கரை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. கையில் மஞ்சள் பை, அதிலிருந்து ஏலத்தில் எடுத்த முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. கரை இறங்குகிற இடத்தில்தான் கடை. அவர் அதை ஒட்டியே போனார், திரும்பவில்லை.

என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொன்மணி, அந்த முதுகுதான். அன்னைக்குக் கனாவுல பாத்தது. நான் இல்ல புள்ள, ராக்கப்பன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குக் கோயிலில் இருந்த அதே முகம்.

"சரி" என்றேன். "அதுக்குப் பின்னாலயே நடங்க."